நாலு கட்டை, எட்டு வெட்டு, கொஞ்சம் வரலாறு

ஆபீஸ்ல தினம் ஆணி புடுங்கறது நமக்கெல்லாம் பழகின வேலை. நிஜ ஆணி சுவத்துல இருந்து தானா புடுங்கிக்கிட்டு வந்தா என்ன ஆகும்னு போன ஐப்பசியிலதான் தெரிஞ்சுது.

தஞ்சாவூர் வீடு. மூணு நாளா விடாத மழை. வீட்லேர்ந்தே வேலைன்னு ஊருக்கு வந்து, ஒரு பக்கம் மீட்டிங் ஓட, இன்னொரு பக்கம் அம்மா போட்ட வெங்காய பக்கோடாவை மியூட்ல மென்னுக்கிட்டிருந்தேன். ஹால்ல 'தொப்'புன்னு ஒரு சத்தம். ஓடிப்போய் பார்த்தா, அப்பா படம் விழுந்து கிடக்கு. ஊறிப்போன சுவத்துல ஆணி இளகிடுச்சு.

கீழ மடிச்சு வச்சிருந்த மெத்தை மேல விழுந்ததால கண்ணாடி தப்பிச்சுது. பிரேம் தப்பிக்கலை. நாலு மூலையும் வாயைப் பொளந்துடுச்சு. தங்கக் கலர் மேல்தோல் உரிஞ்சு, உள்ள வெள்ளையா தெர்மாகோலுக்கு சித்தப்பா பையன் மாதிரி ஒரு வஸ்து. மூலைக்கு ஒரு பின்னு. அவ்வளவுதான் அதோட கட்டுமானம்.

சரி, படத்தை மட்டும் உருவி வேற பிரேம் போட்டுக்கலாம்னு பின்பக்க அட்டையைக் கழட்டினேன். படம் வரலை. கண்ணாடியோட ஒட்டிக்கிட்டிருந்தது. ஓரமா நகத்தை விட்டு லேசா இழுத்தேன். சட்டைக் காலர் பக்கம் ஒரு பட்டாணி அளவுக்கு நிறம் கண்ணாடியிலேயே தங்கிடுச்சு. அதோட கையை எடுத்துட்டேன். அம்மா பார்த்துக்கிட்டே நின்னாங்க. ஒண்ணும் சொல்லலை. திட்டியிருந்தா தேவலாம்.

இங்க கொஞ்சம் கொசுவர்த்தி சுத்தணும். அந்தப் படம் 1992-ல, கல்யாணத்துக்கு முன்னாடி, ஒரு ஸ்டூடியோவுல எடுத்து பெருசு பண்ணினது. ஸ்டூடியோ மூடி பல வருஷம் ஆச்சு. நெகடிவ் கிடையாது. முதல்ல அதுக்கு நல்ல மரச்சட்டம் இருந்தது. படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவுல ஜன்னல் மாதிரி வெட்டின தடி அட்டை ஒண்ணும் இருந்தது. 2016-ல அப்பா போனப்போ நான் இன்ஜினியரிங் ரெண்டாவது வருஷம். பதினாறாம் நாள் காரியத்துக்கு மாலை போட படம் பளிச்னு இருக்கணும்னு சொந்தக்காரங்க சொல்ல, கடைக்கு எடுத்துட்டுப் போனது நான். "பழைய கட்டை எதுக்கு தம்பி, கோல்டன்ல போட்டுடலாம், பழசை இங்கயே விட்டுட்டுப் போங்க"ன்னு கடைக்காரர் சொன்னார். விட்டுட்டு வந்தேன். நடு அட்டையையும் சேர்த்து.

இப்ப நாலஞ்சு கடை ஏறி இறங்கினேன். எல்லா இடத்துலயும் ஒரே பதில்: "கண்ணாடியோட ஒட்டினதுக்கெல்லாம் போட முடியாது சார். ஸ்கேன் பண்ணி புது பிரிண்ட் போட்டுக்கங்க, இதைத் தூக்கிப் போட்டுடுங்க." கண்ணாடி மேலேயே கேமரா வச்சு காப்பி எடுத்தாச்சு. ஆனா தூக்கிப் போட மனசு வரலை. ஒருதடவை தூக்கிப் போட்டவன் நான்தானே. அந்தக் கண்ணாடி-படம் ரெண்டையும் ஒண்ணா அப்படியே உட்கார வைக்கற ஒரு சட்டத்தை நாமே செஞ்சா என்னன்னு தோணிச்சு.

பொட்டி தட்டறவன் வேற என்ன பண்ணுவான்? ரம்பம் வாங்கறதுக்கு முன்னாடி படிக்க உட்கார்ந்துட்டேன் :-) ரெண்டு வாரம் படிச்சதுல, நாலு கட்டையைச் சேர்த்து ஒட்டற இந்த அல்ப விஷயத்துக்குப் பின்னால இவ்வளவு பெரிய கதை இருக்கறது தெரிஞ்சுது. செய்முறை அப்புறம் சொல்றேன். முதல்ல கதை.

*

படத்தை சட்டம் போட்டு சுவத்துல மாட்டற பழக்கம் எவ்வளவு பழசு? எகிப்துல ஃபையூம் பக்கம் ஹவாரான்னு ஒரு ஊர். 1888-89 வாக்குல ஃபிளிண்டர்ஸ் பெட்ரிங்கற தொல்லியல்காரர் அங்க தோண்டினப்போ, ஒரு கல்லறையில ஒரு பெண்ணோட முகம் வரைஞ்ச பலகை கிடைச்சுது. மரச்சட்டத்தோட. மாட்டறதுக்குக் கட்டின கயிறுகூட மிச்சம் இருந்தது. ரோமானியர் ஆட்சிக் காலத்து எகிப்து, கிட்டத்தட்ட 1900 வருஷப் பழசு. இப்ப லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துல இருக்கு. யாரோ ஒருத்தர் தன் வீட்டு மனுஷியோட முகத்தை நாலு கட்டைக்குள்ள வச்சு கயிறு கட்டி தொங்கவிட்டிருக்கார். நம்ம வீட்டு ஹாலுக்கும் அதுக்கும் வித்தியாசம் மாலை மட்டும்தான்.

அடுத்தது ஐரோப்பா. இங்கதான் எனக்கு முதல் ஆச்சரியம். படம் வரைஞ்சு முடிச்சப்புறம் சட்டம் போடறதுதானே நமக்குத் தெரிஞ்ச வரிசை? 13, 14-ம் நூற்றாண்டு இத்தாலியில சர்ச்சுக்கான பலகை ஓவியங்கள்ல இது தலைகீழ். முதல்ல தச்சர் பலகையையும் சட்டத்தையும் ஒண்ணாவே செஞ்சுடுவார். ரெண்டுக்கும் சேர்த்து சுண்ணாம்புப் பூச்சு, தங்க ரேக்கு. எல்லாம் முடிஞ்சப்புறம்தான் ஓவியர் வந்து நடுவுல வரைவார். பிளாட்ஃபார்ம் ரெடியானப்புறம் அப்ளிகேஷன் எழுதற மாதிரி.

இதுக்கு ஒரு பிரபலமான உதாரணம் லியோனார்டோ டா வின்சி. மிலான்ல ஒரு சபை 1480-ல ஜாகோமோ டெல் மைனோங்கற மரச்சிற்பிகிட்ட பெரிய செதுக்கு வேலைப்பாடோட ஒரு பலிபீடச் சட்டம் செய்யச் சொல்லிச்சு. மூணு வருஷம் கழிச்சு, 1483-ல, அந்தச் சட்டத்துக்குள்ள வரையறதுக்கும் தங்கம் பூசறதுக்கும் ஆள் தேடிச்சு. அப்படி வேலைக்கு வந்தவங்கதான் லியோனார்டோவும் டி ப்ரெடிஸ் சகோதரர்களும். 'பாறைகளின் கன்னி' ஓவியம் அப்படிப் பொறந்ததுதான். அந்த ஓவியத்தோட ரெண்டு வடிவங்கள் இன்னிக்கு பாரிஸ்லயும் லண்டன்லயும் இருக்கு. முதல்ல பொறந்த சட்டம்? பிரிச்சுட்டாங்க. போயே போச்சு. படிச்சப்போ 2016-ல நான் போன கடையோட கல்லாப்பெட்டி கண்ணு முன்னாடி வந்துட்டுப் போச்சு.

என்னை ரொம்பப் பாதிச்சது இன்னொண்ணு. லண்டன் நேஷனல் கேலரியில ஜான் வான் எய்க் வரைஞ்ச ஒரு படம் இருக்கு. சிவப்புத் தலைப்பாகை கட்டின ஒரு மனுஷன். அவரே தன்னை வரைஞ்சுக்கிட்டதா இருக்கலாம்னு நினைக்கறாங்க. விஷயம் படத்துல இல்லை, சட்டத்துல. அது அந்தக் காலத்து அசல் சட்டம். பக்கவாட்டுச் சட்டங்களும் படம் வரைஞ்ச பலகையும் ஒரே மரத்துண்டு. சட்டத்தோட கீழ்ப் பக்கத்துல, ஜான் வான் எய்க் தன்னைச் செஞ்சதா அந்தப் படமே சொல்ற மாதிரி எழுதி தேதியும் போட்டிருக்கு: 1433 அக்டோபர் 21. மேல்பக்கத்துல 'என்னால் முடிந்தபடி'ங்கற அர்த்தத்துல ஒரு வாசகம்.

யோசிச்சுப் பாருங்க. அந்தப் படம் எந்த வருஷம், எந்த நாள்னு நமக்குத் தெரியறதுக்குக் காரணம் சட்டம். யாராவது ஒரு பணக்காரர் "பழைய கட்டை எதுக்கு, கோல்டன்ல போட்டுடலாம்"னு மாத்தியிருந்தா தேதியும் கையெழுத்தும் குப்பைக்குப் போயிருக்கும். இது சும்மா கற்பனை இல்லை. 18-ம் நூற்றாண்டுல டிரெஸ்டன் நகரத்து மன்னர் மூணாம் அகஸ்டஸ் தன்னோட ஓவியக்கூடத்துல இருந்த படங்களுக்கெல்லாம் ஒரே மாதிரி செதுக்குத் தங்கச் சட்டம் போட்டார். நெப்போலியன் காலத்து பாரிஸ்லயும் இதே கதை. வீட்டுக்குப் புதுசா பெயிண்ட் அடிச்சா திரைச்சீலையை மாத்தற மாதிரி, ரசனை மாறும்போதெல்லாம் சட்டத்தை மாத்தியிருக்காங்க. உலகத்துல பழைய ஓவியங்கள் இருக்கற அளவுக்கு அதோட சொந்தச் சட்டங்கள் இல்லாததுக்கு இதுதான் பெரிய காரணம். என் தப்பை மன்னர்களும் பண்ணியிருக்காங்கன்னு ஒரு அல்ப சந்தோஷம். ரொம்ப நேரம் நிக்கலை.

*

நம்ம ஊருக்கு வருவோம். தஞ்சாவூர்க்காரன் தஞ்சாவூர் ஓவியத்தைப் பத்திப் பேசலைன்னா ஊர்ல சேர்க்க மாட்டாங்க. நாம ஓவியம்னு சொல்றதுக்கு இங்க பழைய பேரு பலகைப் படம். பலா இல்லேன்னா தேக்குப் பலகை. அது மேல துணி ஒட்டி, சுக்கான் பொடியைப் பசையில குழைச்சுப் பூசி, புடைப்பு வேலை செஞ்சு, கல் பதிச்சு, தங்க ரேக்கு ஒட்டுவாங்க. புளியங்கொட்டைப் பசையும் இதுல சேரும். இத்தாலிக்காரர் தன் சட்டத்துக்குச் செஞ்சதும் ஏறக்குறைய இதே அடுக்குதான்: மரம், வச்சிரத்துல குழைச்ச சுண்ணாம்புப் பூச்சு, அது மேல செம்மண் பூச்சு, அது மேல தங்க ரேக்கு. அவங்க சட்டத்துல செஞ்ச ஜாலத்தை நாம படத்துக்குள்ளயே செஞ்சுட்டோம்.

ஆனா பலகைப் படம் வசதியான வீட்டுச் சமாச்சாரம். சாதாரண வீட்டுக்குள்ள படம் நுழைஞ்சது அச்சு வந்தப்புறம். ராஜா ரவிவர்மா 1894-ல பம்பாய்ல கல்லச்சுக்கூடம் ஆரம்பிச்சார். லட்சுமி, சரஸ்வதி எல்லாரும் காகிதத்துல கலர் கலரா வெளிவந்தாங்க. கோயிலுக்குள்ள விடாத ஆட்களுக்கும் அந்தச் சாமி கைக்கு வந்துடுச்சு. பின்னால நம்ம பக்கம் கோவில்பட்டி கொண்டையராஜு (1898-1976), அவரோட சீடர்கள் வரைஞ்ச படங்கள் சிவகாசி காலண்டர்ல ஏறி, வீட்டுக்கு வீடு முருகனும் மீனாட்சியும் வந்து உட்கார்ந்தாங்க.

பலகைக்கு இல்லாத ஒரு பலவீனம் காகிதத்துக்கு உண்டு. விளக்குப் புகை, எண்ணெய்ப் பிசுக்கு, பொட்டு வைக்கற ஈரக்கை, கரப்பான், கறையான். இத்தனை எதிரிகள்கிட்டேர்ந்து காகிதச் சாமியைக் காப்பாத்த முன்னால கண்ணாடி, பின்னால பலகை, சுத்தி நாலு கட்டை வேணும். கோயில் தெருவுக்குத் தெரு சாமி படம் கண்ணாடி போடற கடை முளைச்சதுல ஆச்சரியமே இல்லை. சந்தனம் வைக்கணும்னா கண்ணாடி மேலதான் வைக்க முடியும். கண்ணாடி இல்லாத படத்துக்கு பூஜையே கிடையாது பாருங்க!

கண்ணாடியும் சும்மா வந்துடலை. ஒரு காலத்துல வாயால ஊதி, சுழட்டி, தட்டையாக்கின கண்ணாடிதான். அலை அலையா இருக்கும், பெரிய அளவும் கஷ்டம். உருக்கின தகரத்து மேல உருகின கண்ணாடியை மிதக்க விட்டு, ரெண்டு பக்கமும் வழவழன்னு எடுக்கற முறையை இங்கிலாந்துல அலஸ்டேர் பில்கிங்டன் குழு 1950-கள்ல ஏழு வருஷம் போராடிக் கொண்டுவந்து, 1959-ல உலகத்துக்கு அறிவிச்சுது. இன்னிக்கு நம்ம சாமி படத்து மேல இருக்கறது அந்த மிதந்த கண்ணாடிதான்.

கண்ணாடி போடற ஆளுங்கன்னதும் ஒரு கிளைக்கதை. 1911 ஆகஸ்ட் 21 அன்னிக்கு லூவர்லேர்ந்து மோனலிசா காணாமப் போச்சு. மாடிப்படியில சட்டமும் கண்ணாடியும் மட்டும் கிடந்தது. ரெண்டு வருஷம் கழிச்சு 1913 டிசம்பர்ல ஃபிளாரன்ஸ்ல பிடிபட்ட வின்சென்சோ பெருஜியா யார் தெரியுமா? லூவர் ஓவியங்களுக்குக் கண்ணாடி போடற வேலையில முன்னாடி இருந்தவர். எந்தக் கொக்கியை எப்படிக் கழட்டணும்னு அவருக்குத் தெரியாதா? சிஸ்டம் அட்மினை பகைச்சுக்காதீங்கன்னு நான் சொல்றது இதனாலதான் :-)

சரி, மேட்டருக்கு வருவோம். தங்கச் சட்டம் எப்படி தெர்மாகோல் ஆச்சு? முதல்ல கையால செதுக்கின மரம், அது மேல நிஜத் தங்கம். 18-ம் நூற்றாண்டுக் கடைசியில ஒரு குறுக்குவழி வந்துச்சு: சுண்ணாம்புப் பொடி, வச்சிரம், பிசின், ஆளிவிதை எண்ணெய் எல்லாம் கலந்து மாவாக்கி, அச்சுல அமுக்கி எடுத்து மரத்து மேல ஒட்டறது. செதுக்கறவர் பல நாள் செய்யற பூவேலையை அச்சு சில நிமிஷத்துல கொடுத்துடும். அப்புறம் மெஷின்ல நீள நீளமா இழைச்ச கட்டைகள். கடைசியில மரமே வேண்டாம்னு பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக், அது மேல தங்கக் கலர் பேப்பர். ஒவ்வொரு படியிலயும் விலை குறைஞ்சு இன்னும் நிறைய பேர் வீட்டுக்குப் படம் போச்சுங்கறதையும் சொல்லணும். நம்ம அலமாரி மரத்தை வெட்டாம இருந்ததும் நல்லதுதான். கோளாறு பிளாஸ்டிக்ல மட்டும் இல்லை, நான் தூக்கிப் போட்ட அட்டையிலதான்.

அது என்ன அட்டைக் கதை? 1871-ல ரிச்சர்ட் மேடாக்ஸ்ங்கற ஆங்கிலேய டாக்டர் ஜெலட்டின் பூசின போட்டோ தகட்டை அறிமுகப்படுத்தினார். அதுக்கப்புறம் நம்ம ஆல்பத்துல இருக்கற கருப்பு வெள்ளை, கலர் பிரிண்ட் எல்லாத்துலயும் உருவம் தங்கியிருக்கறது ஜெலட்டின் படலத்துலதான். ஜெலட்டின் எது? மாட்டு எலும்பு, தோல்லேர்ந்து வர்றது. தச்சர்கள் பல நூறு வருஷமா மூலை ஒட்டப் பயன்படுத்தின வச்சிரத்தோட சுத்தமான வடிவம். ரெண்டும் பங்காளிங்க. ஈரம் பட்டா ரெண்டும் இளகி ஒட்டும். நடுவுல அட்டை இருந்தா படம் கண்ணாடியைத் தொடாது, காத்து இருக்கும். அட்டை இல்லாம நேரா கண்ணாடியில சாத்தி, மழை ஊறுற சுவத்துல மாட்டினா? படத்தோட பசையே படத்தைக் கண்ணாடியில ஒட்டிடும். ஒட்டிடுச்சு. அந்த அட்டை வெறும் அழகுக்குன்னு நினைச்சு, இருந்த ஒரே பாதுகாப்பை 19 வயசுல நானே கழட்டிக் கொடுத்துட்டு வந்திருக்கேன்.

*

இனி செய்முறை. வான் கோ 1887-ல வரைஞ்ச ஒரு பழப் படத்துக்கு தானே மஞ்சள் பெயிண்ட் அடிச்ச சட்டம் இன்னும் ஆம்ஸ்டர்டாம்ல படத்தோட இருக்கு. பூவேலை கிடையாது. அவருக்கே அது போதும்னா நமக்கும் போதும்.

கண்ணாடி அளவு 12க்கு 15 இஞ்ச். மரக்கடையில தேக்கு ரீப்பர் வாங்கினேன்: ஒண்ணரை இஞ்ச் அகலத்துல ஒண்ணு, ஒண்ணேகால் இஞ்ச் அகலத்துல ஒண்ணு, ரெண்டும் அரை இஞ்ச் கனம், தலா ஏழடி. கண்ணாடி உட்கார உள்பக்கம் ஒரு படி வேணும், அதுக்குப் பேரு காடி. காடி இழைக்கற மெஷின் நம்மகிட்ட ஏது? அதனால அகலக் கட்டை முன்னால, ஒல்லிக் கட்டை பின்னால, வெளி ஓரம் சமமா வச்சு பெவிகால் போட்டு ஒட்டிட்டா உள்பக்கம் கால் இஞ்ச் படி தானா வந்துடும்.

நீளக் கணக்கு: கண்ணாடி அளவோட, கட்டை அகலத்துலேர்ந்து காடியைக் கழிச்சதை ரெண்டு மடங்காக்கிக் கூட்டணும், அதாவது ரெண்டரை இஞ்ச். கண்ணாடி இறுக்கிப் பிடிக்காம இருக்க அரைக்கால் இஞ்ச் கூட. ஆக வெளி அளவு 14 இஞ்ச் 5 நூல், 17 இஞ்ச் 5 நூல் (எட்டு நூல் ஒரு இஞ்ச்னு கணக்கு). தலா ரெண்டு கட்டை. சிம்பிள்.

சிம்பிள்னு சொன்னவன் வாயில அரை கிலோ மரத்தூளைப் போடணும். நாலு மூலை, மூலைக்கு ரெண்டு, ஆக எட்டு வெட்டு. ஒவ்வொண்ணும் 45 டிகிரி. நான் ஒவ்வொரு வெட்டுலயும் அரை டிகிரி தப்பு பண்ணினேன். அரை டிகிரி என்ன பெருசா? எட்டு அரை நாலு டிகிரி. மூணு மூலையை நல்லா சேர்த்துட்டு நாலாவதுக்கு வந்தா, சேர்த்து வச்ச பாவமெல்லாம் அங்க வந்து நிக்கும். ஒண்ணரை இஞ்ச் கட்டையில அந்த இடைவெளி கிட்டத்தட்ட 4 மில்லிமீட்டர். ஒரு ஐஸ்கிரீம் குச்சியை உள்ள விட்டு எடுக்கலாம். டெஸ்டிங்ல சின்னச் சின்ன பக்-னு விட்டதெல்லாம் ரிலீஸ் அன்னிக்கு ஒண்ணா வந்து நிக்கற அதே கதை.

முதல் சட்டம் காலி. ரெண்டாவது அதைவிட மோசம். தெருக்கோடியில மர வேலை செய்யற பெரியவர்கிட்ட ரெண்டையும் தூக்கிட்டுப் போனேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"டேப்பு வச்சு அளந்தீங்களா தம்பி?"

"ஆமாங்கய்யா. மில்லிமீட்டர் வரைக்கும்."

"டேப்பை ஒருதடவை பார்த்தா போதும். அப்புறம் கட்டையை கட்டையோட வச்சு பாருங்க. எதிரெதிர் கட்டை ரெண்டும் ஒரே நீளமா இருந்தாத்தான் மூலை சேரும். ஒரு நூல் கூடவோ குறையவோ இருந்தாலும் குடும்பத்துக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா ரெண்டும் ஒரே மாதிரி கூடணும்."

அப்புறம் கத்துக்கிட்டது எல்லாம் அவர் உபயம். வெட்டை ஒரு மயிரிழை நீளமா விட்டு, கடைசிச் சிராய்ப்பை உப்புத்தாள் ஒட்டின பலகையில தேய்ச்சுக் கொண்டுவரணும். ஒட்டறதுக்கு முன்னாடி குறுக்கு மூலைகளை அளக்கணும், ரெண்டு குறுக்களவும் சமமா இருந்தா சட்டம் கோணலில்லைன்னு அர்த்தம் (எட்டாங்கிளாஸ் கணக்கு டீச்சருக்கு வணக்கம்). வெட்டின முகம் பசையைக் குடிச்சுடும், அதனால முதல்ல மெல்லிசா ஒரு பூச்சு, அஞ்சு நிமிஷம் கழிச்சு ரெண்டாவது பூச்சு. மாட்டுவண்டியில வைக்கோலைக் கட்டற மாதிரி சட்டத்தைச் சுத்தி கயிறு போட்டு, நடுவுல குச்சி விட்டு முறுக்கி இறுக்கி, ஒரு ராத்திரி முழுக்கத் தொடாம விடணும். பசை காஞ்சப்புறம் ஒவ்வொரு மூலை முனையிலயும் ரம்பத்தால ஒரு கீறல் போட்டு, மெல்லிய மரச்சில்லை பசையோட சொருகணும். மூலைக்கு உயிர் அதுதான்.

மூணாவது சட்டம் சேர்ந்துடுச்சு. ஒரு மூலையில மட்டும் உள்பக்கம் ஒரு மெல்லிய கோடு. மரத்தூளையும் பெவிகாலையும் குழைச்சு அடைச்சேன். பெரியவர் சிரிச்சார். "அடைச்சாலும் சித்திரையில திறக்கும் தம்பி." அவர் சொன்னது சரி. மரம் நீளவாக்குல மாறாது, அகலவாக்குல ஈரத்துக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கும். அகலம் சுருங்கினா 45 டிகிரி 45-ஆ இருக்காது, உள்பக்கம் வாய் திறக்கும். வான் எய்க் பலகைக்கும் அதே விதிதான். வெட்டி எத்தனை வருஷம் ஆனாலும் மரம் மூச்சு விட்டுக்கிட்டேதான் இருக்கும்.

கண்ணாடியையும் படத்தையும் பிரிக்காம அப்படியே காடியில உட்கார வச்சேன். பின்னால அட்டை. சுவத்துல ஒட்டாம இருக்க சட்டத்துக்குப் பின்னால நாலு மூலையிலயும் ரப்பர் பொட்டு. காத்து போகட்டும். ஆணிக்குப் பதிலா இந்தத் தடவை பிளக் அடிச்சு ஸ்க்ரூ.

மாட்டறதுக்கு முன்னாடி அம்மா கையில கொடுத்தேன். திருப்பி பின்பக்கம் பார்த்தாங்க. விரலால ஓரமா தடவிக்கிட்டே இருந்தாங்க.

"என்னம்மா தேடறே?"

"பழைய சட்டத்துல இங்கதான்டா உங்கப்பா பென்சில்ல தேதி எழுதி வச்சிருந்தார். வாங்கின அன்னிக்கு."

எனக்குத் தெரியாது. பின்பக்கத்தை நான் பார்த்ததே இல்லை.

"என்ன தேதிம்மா?"

"92-ல ஆவணி மாசம். தேதி ஞாபகம் இல்லைடா."

ஜான் வான் எய்க் தேதி 590 வருஷத்துக்கு மேல நின்னுச்சு. எங்கப்பா தேதி 24 வருஷம்.

பென்சிலைக் கொண்டுவந்து பின்பக்கம் அன்னிக்குத் தேதியை எழுதினேன். அதுக்கு மேல 'ஆவணி, 1992'ன்னும் எழுதினேன். தேதி இருந்த இடத்தைக் காலியா விட்டிருக்கேன். அம்மாவுக்கு ஞாபகம் வந்தா எழுதிக்கலாம்.

காலர்கிட்ட அந்தப் பட்டாணி அளவு வெள்ளை அப்படியேதான் இருக்கு. அம்மா மாலையைக் கொஞ்சம் அந்தப் பக்கமா தள்ளிப் போடறாங்க.

டிஸ்கி 1: வீட்ல பழைய படம் கண்ணாடியோட ஒட்டியிருந்தா என்னை மாதிரி நகத்தை வைக்காதீங்க. ஒட்டினபடியே காப்பி எடுத்துக்கங்க.

டிஸ்கி 2: பழைய சட்டத்தை மாத்தப் போறீங்கன்னா, கடைக்காரர்கிட்ட கொடுக்கறதுக்கு முன்னாடி ஒருதடவை பின்னால திருப்பிப் பாருங்க.

டிஸ்கி 3: முதல் ரெண்டு சட்டமும் மொட்டை மாடியில கிடக்கு. 4 மில்லிமீட்டர் இடைவெளி பரவாயில்லைன்னு நினைக்கற நல்ல உள்ளங்கள் பின்னூட்டத்துல சொல்லுங்க, இலவசம் :-)